ஓசிப் பல்

“எங்கம்மா வாயில போட்டிருக்க ஆணியக் கழட்டுங்க டாக்டர்.”

எதைக் கேட்கவே கூடாதென்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னார்களோ, அதைத்தான் மாரிக்கனி உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாகக் கேட்டாள். வணக்கம் சொல்லவில்லை. தோளில் கிடந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவள் அம்மா பாலம்மாள் அப்போதுதான் அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை எங்கே நீட்டுவதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வாயிலிருந்து அது விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

காலையில் கிளம்பும்போது அப்பா சோலைச்சாமி லோடு ஆட்டோவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று சொன்னார். “மாத்திரை கேளு, மருந்து கேளு, ஊசி கேளு. கழட்டுங்கன்னு மட்டும் கேட்டுராத தாயி. மொதலாளி மகன் அவரு. ஓசியில கெடச்ச பல்லு.” சத்திரப்பட்டியிலிருந்து ராஜபாளையம் வருகிற பஸ்ஸில் அம்மா தன் பங்குக்கு வீங்கின உதட்டோடு முனகிக்கொண்டே வந்தாள். “அங்கன வந்து நீ பேசாம இருட்டி. ஒனக்கு வாயா அது, தறியா? ஓட ஆரம்பிச்சா நிக்க மாட்டேங்கு.”

ஓட ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் ஆல்வின் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவர் பாதிக் கையில் நிறுத்தினார். “என்ன சொன்னீங்க?”

“கழட்டுங்கன்னேன்.”

“பாக்காமலேயா?”

“நீங்கதான் பொங்கல்ல இருந்து பாத்துக்கிட்டே இருக்கீங்களே. பாத்துப் பாத்து உப்புத்தண்ணியில கொப்புளிக்கச் சொன்னீங்க. கொப்புளிச்ச லச்சணத்தை இப்பப் பாருங்க.”

பாலம்மாளின் மேலுதடு மூக்குக்குக் கீழே எலுமிச்சங்காய் ஒன்றை ஒளித்து வைத்ததுபோலப் புடைத்திருந்தது. இடது கன்னம் இழுத்துக் கட்டினதுபோலப் பளபளத்தது. பேசினால் வாடை வருகிறதென்று யார் எதிரே வந்தாலும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அந்த முந்தானையைப் பார்க்கப் பார்க்கத்தான் மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அது பழைய முந்தானை. போய்விட்டதென்று நினைத்தது திரும்ப வந்திருந்தது.

பாலம்மாள் தறிக்காரி. சத்திரப்பட்டியில் ராஜரத்தினத்தின் விசைத்தறிச் செட்டில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறாள். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு மின்னலாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடா, ஒருநாள் தடம் தப்பித் தெறித்து நேராக அவள் வாயில் அடித்தது. முன்பல் ஒன்று போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு, அன்றைய ஷிப்டையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் சிரிப்பு முந்தானைக்குள் போய்விட்டது. மகள் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கின அன்று, அந்த வம்சத்திலேயே முதல் ஆளாகக் கறுப்பு அங்கி போட்டு நின்ற அன்று, ஸ்டுடியோக்காரர் “சிரிங்கம்மா, சிரிங்கம்மா” என்று எவ்வளவோ கெஞ்சினார். உதட்டைப் பூட்டிக்கொண்டு நின்றாள் பாலம்மாள். போட்டோவில் பெற்ற தாய் கோபமாய் நிற்பதுபோல இருக்கும். பார்க்கிறவர்களெல்லாம், “ஒங்கம்மாவுக்குப் பிடிக்காமயா படிச்ச?” என்று கேட்பார்கள்.

போன தீபாவளிக்குப் போனஸ் போடும்போது ராஜரத்தினம் எல்லார் முன்னாலும் சொன்னார். “நம்ம செட்டுல போன பல்லு. நம்ம பையனே கட்டிக் குடுப்பான். பாலம்மா ஒத்த ரூவா எடுக்க வேண்டாம்.” செட்டே கை தட்டியது. மகன் ஆல்வின் தென்காசி ரோட்டில் மாடியில் கிளினிக் போட்டு அதிக நாள் ஆகவில்லை. தாடையெலும்பில் திருகாணியை இறக்கி அதன் தலையில் பல்லை மாட்டுகிற வேலை. சென்னையில் போய்ப் படித்து வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தி ஆணியை இறக்கி, அன்றே பல்லையும் மாட்டிவிட்டார். உடனே ஒரு போட்டோ. பாலம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற அந்தப் படம்தான் இப்போது வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கீழே ‘புதிய புன்னகை’ என்று எழுத்து.

பொங்கலுக்குள் ஈறு வீங்கிவிட்டது. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயத் தொறங்க பாலம்மா,” என்றார் டாக்டர். விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். ஈறை மெல்ல அழுத்தினார். மஞ்சளாய் எட்டிப் பார்த்தது. பாலம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்தாளே தவிரச் சத்தம் காட்டவில்லை. கருவியின் காம்பால் பல்லைத் தட்டினார். பிறகு இரண்டு பக்கமும் வைத்து லேசாக அசைத்தார்.

“ஆடுதுல்ல?” என்றாள் மாரிக்கனி.

“லேசா.”

“ஆடுற ஆணி எலும்போட ஒட்டாது. சுத்திலும் எலும்பு கரைஞ்சிருக்கு.” பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாய் ஆணி, அதைச் சுற்றி அடுப்புக்கரியால் கோடிழுத்ததுபோலக் கறுப்பு வளையம். “ஸ்ரீவில்லிபுத்தூர்ல இந்துன்னு ஒரு பல் டாக்டரம்மாட்டக் காட்டிட்டோம். ரத்தம் நானே எடுத்தேன். சக்கரை வெறும் வயித்திலயே எக்கச்சக்கம்.”

அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேசுக்கு வந்தவன், பால்கோவா வாங்க வந்தவன், பஸ்ஸுக்கு நின்றவன் என்று ஊர்ப்பட்ட ஆளுக்கு ஊசி குத்துகிறவள், அம்மாவுக்கு ஊசி குத்தினது போன வாரம்தான்.

“சக்கரை இருக்குன்னு இவங்க எங்கிட்டச் சொல்லலையே,” என்றார் ஆல்வின்.

“இருக்குன்னு அவியளுக்கே தெரியாது. எலும்பத் தோண்டுறதுக்கு முந்தி நீங்கதான் பாத்திருக்கணும். சக்கரை ஏறிக் கெடந்தா புண்ணு ஆறாது, கிருமி சீக்கிரம் குடியேறும். அப்படிப்பட்டவங்களுக்கு ஆணி பிடிக்கிறவரைக்கும் பல்ல மாட்டாம மாசக்கணக்கா பொறுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க அன்னைக்கே மாட்டினீங்க. போட்டோ எடுக்கணும்ல?”

“கனி,” என்றாள் அம்மா. வாயில் கருவி இருந்ததால் அது ‘அனி’ என்று வந்தது.

டாக்டர் குனிந்து, ஈறின் ஓரத்தில் எதையோ உற்றுப் பார்த்தார். இடுக்கியை எடுத்தார். மெதுவாக இழுத்தார். ஒரு நூல் வந்தது. விரல் நீளத்துக்கு, சீழில் ஊறிப் பழுப்பேறின பஞ்சு நூல். பின்னாலேயே இன்னொன்று. தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் தெம்பு தெரிந்தது.

“இது என்ன பாலம்மா?”

பாலம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் உள்ள எதையும் வைக்கலையே. யாரு வச்சது?”

மாரிக்கனி தட்டைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற நூல். சத்திரப்பட்டியில் செட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தத் துணி ஒரு மூட்டை எப்போதும் கிடக்கும். ஓரம் பிசகின துண்டு, நூல் அறுந்த துண்டு, எல்லாம் வேஸ்ட் என்று வீட்டுக்கு வந்துவிடும். மோர் வடிகட்ட அதுதான், இட்லித்தட்டில் விரிக்க அதுதான், பிள்ளைக்கு மூக்குச் சிந்த அதுதான். விரலில் அரிவாள்மணை பட்டாலும் அதுதான்.

“எம்மா,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “செட்டுத் துணிய வாய்க்குள்ள வச்சியா?”

பாலம்மாள் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். “சீழு வந்துக்கிட்டே இருந்துச்சு. ராத்திரியில எச்சிலோட முழுங்கிருவமோன்னு பயமா இருந்துச்சு. உப்புத்தண்ணியில நனைச்சு, சுருட்டிப் பல்லுக்கு மேல அமுக்கி வச்சேன். பொறவு எடுத்துட்டேன். பிசிறு நின்னுருச்சு போல.”

“கூறு இருக்கா ஒனக்கு? அது வெளுக்காத துணி! தறியில இருந்து இறங்குனது. தரையில கெடந்தது. அத வெளுத்து, நறுக்கி, பாக்கெட்டு போட்டு, மெஷின்ல வச்சுக் கிருமியக் கொன்ன பொறவுதான் அது மருந்துத் துணி. அதுக்கு முந்தி அது வெறும் துணி. மூட்டை கட்டுற துணி.”

“எனக்கு என்ன தெரியும்?” என்றாள் பாலம்மாள். அவளுக்கும் சுர்ரென்று வந்துவிட்டது. “ஊரு ஒலகத்துப் புண்ணெல்லாம் நா ஓட்டுற துணியிலதான ஆறுது? பட்டாளத்துக்காரன் காலு ஆறுது, எவளோ பிள்ளை பெத்தவ வயிறு ஆறுது. ஏம் வாயி மட்டும் ஆறாதாக்கும்னு நெனச்சேன்.”

 இப்படி ஒரு தப்பை அந்த ஊர்க்காரி தவிர உலகத்தில் ஒருத்தியும் செய்யமாட்டாள். மாரிக்கனியால் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆல்வின் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். குரலில் இப்போது தேன்.

“இங்க பாருங்க. நடந்தது நடந்துபோச்சு. நான் கோவப்படல. செட்டுல கெடந்த குப்பைத் துணிய உள்ள வச்சதால வந்த வினை. ஒண்ணு செய்வோம். ஒரு வாரம் மாத்திரை போட்டுப் பாப்போம். சரியாகலைன்னா நானே கழட்டிட்டு, புதுசாவே போட்டுத் தாரேன். இதுக்கும் காசு வேண்டாம். ஆனா அப்பாட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. துணி வச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு. செட்டுல நாலு பேரு நாலு விதமாப் பேசுதாங்க, நான் போட்ட பல்லு அழுகிருச்சுன்னு.”

“ஒரு வாரம் பொறுக்க முடியாது,” என்றாள் மாரிக்கனி. “மேல் பல்லு. மூக்குக்குப் பக்கம். கன்னத்துல ஏறிருச்சு, அடுத்து கண்ணுக்குக் கீழ ஏறும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கழட்டிச் சுத்தம் பண்ணினாத்தான் மாத்திரையே கேக்கும்.”

“அவங்க அவங்க அபிப்பிராயத்தைச் சொல்லிருப்பாங்க.”

“நா சொல்லிருதேன் தம்பி,” என்று குறுக்கே விழுந்தாள் பாலம்மாள். “போன் போடுங்க. நா செஞ்சது தப்புதான். சொல்றதுல என்ன?”

மாரிக்கனி அம்மாவைத் தடுக்கப் போனாள். பிறகு தடுக்கவில்லை. “சொல்லு. தப்பை ஒத்துக்கிடு, எனக்கும் அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா பாதியில நிறுத்தாத. முழுசாச் சொல்லு.”

போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது. முதலில் வந்தது தறிச் சத்தம். சடக் சடக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் பாலம்மாள், பழக்க தோஷத்தில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மொதலாளி, பாலம்மா பேசுதேன். தம்பி கிளினிக்குல இருக்கேன்.”

“சொல்லு பாலம்மா. பல்லு எப்படி இருக்கு?”

“வீங்கிருக்கு மொதலாளி. நம்ம செட்டுத் துணிய வாய்க்குள்ள வச்சுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன். நூலு உள்ளயே நின்னுபோச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. “பாத்தியாப்பா? பேண்டேஜ் துணிய வாயில வச்சிருக்கா. அதான் சொல்றது, ஓசியில குடுத்தா அதோட அருமை தெரியாது. ஓசிப் பல்லுதானன்னு கண்டதையும் வச்சுத் திணிச்சிருக்கா.”

ஆல்வின் போனை எடுக்கக் கை நீட்டினார். பாலம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாரிக்கனி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகம் செட்டு முதலாளியின் பேச்சுக்குச் சுருங்கிப் பார்த்திருக்கிறாள், இளித்துப் பார்த்திருக்கிறாள், காது கேட்காததுபோல இருந்தும் பார்த்திருக்கிறாள். இது வேறு. நூல் அறுந்ததும் தறியை நிறுத்தக் கை தானாகப் போகுமே, அப்போது வருகிற முகம்.

“ஓசியா மொதலாளி?” என்றாள் பாலம்மாள். வீங்கின உதட்டுக்குள் வார்த்தை தடுமாறினாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது. “ஒங்க தறியில போன பல்லு மொதலாளி அது. நாடாவத் தள்ளுற பட்டை தேஞ்சிருக்கு, தடம் தாவுதுன்னு நா மேஸ்திரிட்டச் சொன்னேன். பாப்போம் பாப்போம்னாரு. பொறவு ஏம் வாயிலதான் பாத்தது. ரத்தத்தத் துப்பிட்டு மிச்சத் துணிய ஓட்டிக் குடுத்துட்டுப் போனேன். ஒரு கறை இருந்துச்சா அந்தத் துணியில? ஓசின்னு நீங்க சொல்லலாமா?”

தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“துணி வச்சது நாந்தான். அது ஏம் தப்பு. எங்க வேணாலும் சொல்லுவேன். ஆனா சீழு வந்த பொறவுதான் வச்சேன். துணியால சீழு வரல, சீழாலதான் துணி வந்துச்சு. பொங்கலுக்கே தம்பிட்டச் சொன்னேன். நேர்லயும் வந்தேன், போனும் போட்டேன். உப்புத்தண்ணியில கொப்புளின்னாரு. சக்கரை பாக்கல. நானும் பாத்தவ இல்ல. இதுதான் நடந்தது. செட்டுல யாரு கேட்டாலும் இத முழுசாச் சொல்லுங்க மொதலாளி. பாதிய மட்டும் சொல்லாதீங்க.”

ராஜரத்தினம், “நாளைக்கிச் செட்டுக்கு வா, பேசிக்கிடுவோம்,” என்றார். அதில் கோபம் இருந்ததா, வெட்கம் இருந்ததா என்று தறிச் சத்தத்தில் பிடிபடவில்லை. போன் அணைந்தது.

பாலம்மாள் போனை டாக்டரிடம் நீட்டினாள். மாரிக்கனி தனக்கு மட்டும்தான் இந்த வாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். படிப்பு கொடுத்த வாய், பட்டம் கொடுத்த வாய் என்று அவளுக்குள் ஒரு கிறுக்கு நினைப்பு. எங்கிருந்து வந்ததென்று இன்றைக்குத் தெரிந்தது. அம்மாவுக்குள்ளே இருந்திருக்கிறது, முந்தானை போட்டு மூடி.

“இப்பச் சொல்லுங்க டாக்டர்,” என்றாள். “இன்னைக்குக் கழட்டுவீங்களா, மாட்டீங்களா?”

ஆல்வின் தட்டில் கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு வீக்கத்துல இன்னைக்கே தொட வேண்டாம்னு பாக்கேன். ஒரு நாலு நாள்…”

“சரி. அப்போ என்ன கம்பெனி ஆணி, என்ன அளவுன்னு குடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாவியாமே. அது தெரியாமக் கழட்டினா எலும்பு இன்னும் சேதாரமாகுமாம். அத மட்டும் வாங்கிட்டு வாங்கன்னாங்க இந்து டாக்டரம்மா. போட்டவரே கழட்டுறதுதான் முறைன்னு ஒங்களுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கத்தான் இங்க வந்தோம்.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். செத்த நேரம் தேடினார். ஆணி வந்த டப்பாவின் ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். கையை உடனே விடவில்லை.

“நான் வேணும்னு செய்யல,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். முதலாளி மகன் குரலாக இல்லை அது. பரீட்சையில் தவறினவன் குரல்.

“வேணும்னு செஞ்சீங்கன்னு நா சொல்லவே இல்லையே. அடுத்து வாரவங்களுக்காவது ரத்தத்தப் பாத்துட்டு ஆணியத் தொடுங்க.” ஒட்டுத்தாளை எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பையில் வைத்தாள். “எந்திரிம்மா.”

பாலம்மாள் இறங்கிச் செருப்பைத் தேடினாள். “ஏட்டி, இன்னைக்கேவா? அப்பாட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?”

“காலையிலயே டாக்டரம்மாட்ட நேரம் வாங்கிட்டேன். சாயங்காலம் கழட்டுதாங்க. சக்கரைக்கு மாத்திரையும் இன்னைக்கே ஆரம்பம். புண்ணு ஆறி, எலும்பு ஊறி, சக்கரை எறங்கின பொறவு வேற ஆணி போடலாமாம். அது வரைக்கும் ஓட்டைப் பல்லோட இரு. ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்ட.”

“அப்பவே நேரம் வாங்கிட்டுத்தான் இவர்ட்ட இந்தக் கூத்து அடிச்சியா?”

“கூத்து நானா அடிச்சேன்? போன்ல பிளந்து கட்டினது யாரு?”

பாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலித்திருக்க வேண்டும், “ஸ்ஸ்” என்றாள். முந்தானையைத் தேடின கை, பாதியில் எதற்கோ நின்று, இறங்கிவிட்டது.

வரவேற்பறையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சட்டத்துக்குள் பாலம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். மாரிக்கனி நின்றாள். காலி நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள்.

“அது கிளினிக் படம்,” என்றார் உள்ளேயிருந்து வந்த ஆல்வின். தணிந்த குரலில் சொன்னார்.

“சட்டத்தக் குடுத்தனுப்புதேன் டாக்டர். இது எங்கம்மா மூஞ்சி.”

படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மறு கையால் அம்மாவின் கையைப் பிடித்தாள். தறிக்காரி கை, சொரசொரவென்று, சூடாக இருந்தது. காய்ச்சல் ஏற ஆரம்பித்திருந்தது.

“நாளைக்கிச் செட்டுக்குப் போகணுமேட்டி,” என்றாள் அம்மா படியிறங்கும்போது.

“வாயி ஆறின பொறவு போ. போயி முன்னால இருந்த தறியிலேயே நில்லு. வேலைக்கு எடுக்க மாட்டேன்னா, நல்லாத் துணி ஓட்டுறவளுக்கு சத்திரப்பட்டியில தறியா இல்ல?”

கீழே ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நகர ஆரம்பித்திருந்தது. மாரிக்கனி படத்தைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். சிரிக்கிற பாலம்மாளைக் கண்ட டிரைவர் என்ன நினைத்தாரோ, பிரேக்கைப் போட்டார். அவள் திரும்பி மாடியைப் பார்க்கவில்லை. அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.